அத்தை போட்ட முழு மார்க்

தேயிலைக் கொழுந்தை நிறுத்து முடிந்திருந்தது. நிறுவைக் கொட்டகையான மடுவத்தின் தகரக் கூரையில் தூறல் சடசடத்துக்கொண்டிருந்தது. கூடைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்து உதறிப் போட்டுவிட்டு, பெண்கள் சிமெந்துத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நனைந்த சாக்கு, பச்சைக் கொழுந்து, வெற்றிலை எல்லாம் கலந்த வாடை.

எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் கதிரை. படித்த பிள்ளை கீழே உட்காரக் கூடாதாம். அந்தக் கதிரையின் ஒரு கால் குட்டை. மடியில் கேள்வித்தாள் கோப்பை வைத்துக்கொண்டு, விழுந்துவிடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"ஒங்க வேலையில ஒங்களுக்கு எவ்வளவு திருப்தி? ஒண்ணுன்னா ரொம்ப மோசம். அஞ்சுன்னா ரொம்ப நல்லது. வெரலக் காட்டுங்க."

எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போயின. எல்லாவற்றிலும் ஐந்து விரல். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், நகக்கண்ணில் வெடிப்பு விட்ட விரல்கள், பிளாஸ்டர் சுற்றிய விரல்கள்.

இரண்டாவது கேள்வி, மேலதிகாரிகள் எப்படி நடத்துகிறார்கள் என்பது. அவர்களிடம் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை தராசின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ஐந்து விரல். அதுகூடப் புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

மூன்றாவது, வேலை செய்யும் இடத்தில் உள்ள வசதிகள். முன்வரிசையில் இருந்த என் பாக்கியம் அத்தையின் கைதான் முதலில் உயர்ந்தது. ஐந்து விரலும் விறைப்பாக நின்றன. மலையில் ஒரு கக்கூசு இல்லையே என்று நான் போகும்போதெல்லாம் வாய் வலிக்கப் புலம்புகிற அதே அத்தை. என் பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

தகைமைகளும் தலைவலியும்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நான் வேலை பார்க்கும் கந்தோரும், எனக்கும் அந்தக் கந்தோருக்கும் உள்ள சண்டை சச்சரவும் தெரிந்திருக்கும். புதிதாக வருபவர்களுக்கு இவ்வளவு போதும்: கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டி நகரத்தில் ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். அடுத்தவர்களின் லீவுகளைப் பதிவதிலேயே என் இளமை போயிற்று.

எங்கள் தலைமைக் கந்தோரில் மனித வள அலுவலர் என்றொரு பதவி உண்டு. அதற்கு முதுமாணிப் பட்டம் வேண்டும். வெறும் முதுமாணி போதாது, மனித வளத்தில் விசேட தகைமை இருக்க வேண்டும். அத்தோடு ஒரு வயதெல்லையும் வைத்திருந்தார்கள். அந்த எல்லையின் வாசலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். இந்த முறை விட்டால் பிறகு ஓய்வூதியம்தான்.

ஆகவே முகாமைத்துவ முதுமாணிக்கு விண்ணப்பித்தேன். சேர்வதற்கு ஒரு பட்டம், வேலை அனுபவம், ஒரு நுழைவுப் பரீட்சை, அதற்குப் பிறகு ஒரு நேர்முகம். நேர்முகத்தில், "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டார்கள். "தலைமைத்துவத் திறன்களை வளர்த்துக்கொள்ள" என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். அந்த அறையில் யாரும் யாரையும் நம்பவில்லை.

வகுப்புகள் சனியும் ஞாயிறும், காலையிலிருந்து மாலை வரை. கணக்கீடு, பொருளியல், புள்ளிவிபரவியல், நிறுவன நடத்தை என்று எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் முதலில். வருகை குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைக்க முடியாது. பாடத்துக்குப் பாடம் ஒப்படை, குழுச் செயற்றிட்டம், முன்னால் போய் நின்று படம் காட்டிப் பேசுவது. அதன் பிறகுதான் விசேடத்துறை. கடைசியில் ஆய்வேடு.

ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, குளிரூட்டி ஓடும் மண்டபத்தில் புள்ளிவிபரவியல் கேட்டிருக்கிறீர்களா? கேட்டவர்களுக்குத்தான் தெரியும். விரிவுரையாளர் பலகையில் ஒரு மணி போன்ற வளைகோடு வரைவார். அந்தக் கோட்டின் மேட்டில் ஏறும்போது விழித்திருப்பேன். இறங்கும்போது தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை மறுபடியும் கந்தோர். இரண்டு வருடமாக எனக்கு வாரக் கடைசி என்ற ஒன்றே இல்லை. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டு மாணவிகளுக்கு ஒரே ஒரு மேசை. "அம்மா, நீங்க பெரியவங்க, கட்டில்ல ஒக்காந்து படிங்க" என்று என்னைத்தான் எழுப்பிவிடுவாள். கட்டிலில் உட்கார்ந்து படித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடைப்புக்குறிக்குள் ஒரு துறை

வகுப்பில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் நஸ்ரின். அக்குறணையிலிருந்து வருபவள். வங்கியில் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் அதட்டுவதில் எனக்கு மூத்தவள்.

விசேடத்துறையைத் தெரிவு செய்யும் நாளன்று வகுப்பு ஏலச்சந்தை மாதிரி இருந்தது. நிதி, சந்தைப்படுத்தல், செயற்பாட்டு முகாமைத்துவம், மனித வளம் என்று நான்கு துறைகள். மூளை உள்ளவன் நிதிக்குப் போவான், வாய் உள்ளவன் சந்தைப்படுத்தலுக்குப் போவான், இயந்திரத்தோடு பேசுகிறவன் செயற்பாட்டுக்குப் போவான், மிச்சம் இருப்பவர்களுக்கு மனித வளம் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மிச்சம் இருந்த நானும் சிரித்தேன்.

"நீங்க நிதிய எடுங்க தாத்தா, நான் சொல்லித் தாறன்" என்றாள் நஸ்ரின். அவர்கள் வீட்டில் அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல் தடவை கேட்டபோது எனக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது, பிறகு பிடித்துவிட்டது.

"எனக்குப் பதவிக்கு மனித வளந்தான் வேணும்."

"அப்ப ஆய்வும் அதுலதான் செய்யணும். ஆய்வு இல்லாட்டி அந்த அடைப்புக்குறி ஈக்காது, தெரியுந்தானே?"

தெரியும். ஆய்வேடு எழுதிச் சித்தியடைந்தால், சான்றிதழில் 'முகாமைத்துவ முதுமாணி' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அதற்குள் துறையின் பெயரை எழுதுவார்கள். ஆய்வு செய்ய முடியாதவர்கள் மேலதிகமாக இரண்டு பாடங்கள் படித்து முடிக்கலாம். பட்டம் கிடைக்கும், அடைப்புக்குறி கிடைக்காது. எனக்கு வேண்டியிருந்ததோ அந்த அடைப்புக்குறிதான்.

மனிதர்களை வளம் என்று சொல்வது முதல் நாள் கொஞ்சம் உறுத்தியது. மணல், மரம், தண்ணீர் மாதிரி மனிதரும். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. படிப்பின் வேலையே அதுதானே, உறுத்துவதைப் பழக்கிவிடுவது.

என் ஆய்வின் தலைப்பு, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் வேலைத் திருப்தி. எங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், எந்நேரமும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிற மனிதர். அவர்தான், "தெரிஞ்ச இடமாப் பாருங்கோ, உள்ள போறது சுகம்" என்றார். தெரிந்த இடம் என்றால் அத்தை வேலை செய்கிற தோட்டம். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கினேன். அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன்: "எம் படிப்புக்காக ஒங்ககிட்ட எல்லாம் சில கேள்வி கேக்கணும் அத்த."

அந்த ஒரு வாக்கியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

லயத்தில் யாருக்குப் பரீட்சை?

ஏன் கெடுத்தது என்று விளங்க வேண்டுமானால், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பரீட்சை வந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அது அந்தப் பிள்ளையின் பரீட்சை இல்லை. முழு லயத்தின் பரீட்சை. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதியபோது பக்கத்துக் காம்பராக்களில் ரேடியோ மூச்சு விடவில்லை. புருசன் பெண்சாதி சண்டைகள் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடப்பட்டன. குடித்துவிட்டுப் பாடுகிற ஒருவரைக் கோயில் மடத்தில் படுக்க அனுப்பிவைத்தார்கள். நான் பள்ளிக்குப் புறப்படும் நேரம் பார்த்து, யாராவது ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வருவாள். எல்லா நாளும் தற்செயலாக வருவாள்.

இதையெல்லாம் இனிப்பாக நினைவுகூர எனக்கு இஷ்டமில்லை. உண்மையைச் சொன்னால் அந்த அமைதி எனக்குக் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டது போல இருந்தது. ரேடியோவைப் போட்டுத் தொலையுங்கள், நான் பெயிலானால் உங்களுக்கென்ன என்று கத்த வேண்டும் போல வரும். கத்தவில்லை.

பெறுபேறு வந்ததும் யாரும் பாடத்தைக் கேட்கமாட்டார்கள். "எத்தன மார்க்கு?" என்றுதான் கேட்பார்கள். உயர்தரத்தில் நான் ஏதோ தட்டுத்தடுமாறிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, பாக்கியம் அத்தை மலையில் நிரைக்கு நிரை போய் அறிவித்தாள், "எங்க சரோசா எல்லாத்துலயும் நூத்துக்கு நூறு."

"ஏன் அத்த பொய் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நான் சொல்றது எம் மார்க்கு. கவுருமெண்டு அவன் மார்க்க அவன் போட்டுக்கட்டும்."

என் அப்பாவின் தங்கை அவள். யாருக்கும் பாதி மார்க் போட்டுப் பழக்கமில்லை.

மறுபடியும் மடுவத்துக்கு

ஆக, மூன்றாவது கேள்வி. அத்தையின் பக்கத்தில் சந்திரா என்ற பெண். சின்ன வயசு, கைக்குழந்தைக்காரி. அவள் கட்டை விரலை மடக்கி நான்கைக் காட்டினாள். அதுவும் தயங்கித் தயங்கித்தான். அத்தை முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"ஏன்டி, கட்ட வெரல எதுக்கு மடக்குற? நம்ம புள்ளைக்கு மார்க்கக் கொறைக்கவா?"

சந்திரா நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டை விரலை நிமிர்த்தினாள். "மன்னிச்சுக்கங்க அக்கா, தெரியாமப் போச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் தோட்டத்துக்கு மார்க் போடவில்லை. எனக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். இது சரோசாவின் பரீட்சை, இந்த முறை மார்க் நம் கையிலேயே இருக்கிறது, பிறகு குறைப்போமா?

மிச்சக் கேள்விகளையும் கேட்டேன். கேட்காமல் எழுந்து போக முடியாது. சம்பளம், ஐந்து. வேலை நேரம், ஐந்து. மழைக்கு ஒதுங்க இடம், ஐந்து. கூரை ஒழுகி என் கோப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. கணக்கப்பிள்ளையின் முகத்தில் அப்படியொரு புன்னகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த அத்தை, "மார்க்கு போதுமா மருமவளே? இல்லாட்டி அந்தப் பக்கத்து மலை ஆளுங்களையும் கூட்டியாரவா?" என்று கேட்டாள். போதும் என்றேன். பேராதனை வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலியைவிட மனசு வலித்தது.

செருமலோடு மூன்று வழி

மேற்பார்வையாளர் என் தரவுகளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சரோஜா, இதென்ன? எல்லாரும் எல்லாத்துக்கும் அஞ்சு. இப்பிடி ஒரு சனம் உலகத்தில இருக்கோ?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செருமிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"கூட்டமா இருத்தி வைச்சுக் கேட்டது முதல் பிழை. ஓம், மழை எண்டு சொல்லுவியள். சரி. இப்ப மூண்டு வழி இருக்கு. திரும்பப் போய் ஒவ்வொருத்தராத் தனியக் கேளுங்கோ. அது ஒண்டு. ஆய்வை விட்டிட்டு, ரெண்டு பாடம் கூடப் படிச்சு முடியுங்கோ. அது மற்றது."

"மூன்றாவது, சேர்?"

"இதையே 'மிக உயர்ந்த திருப்தி' எண்டு எழுதிக் குடுக்கலாம். அரைகுறையாப் பாக்கிற பரீட்சகர் எண்டால் பாஸ் பண்ணியும் விடுவார். எழுதுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். எழுதாதேங்கோ எண்டு மறிக்கவும் எனக்கு இப்ப தெம்பில்லை. உங்கட பேர்தான் முன்பக்கத்தில வரப்போகுது."

அவரும் களைத்துப்போயிருந்தார். மேசையில் ஆய்வேடுகள் குவிந்து கிடந்தன. எத்தனை திருப்திகளை அவர் அந்த மாதம் படித்திருப்பாரோ.

சின்னத்துரையின் சந்தோஷம்

அதே வாரத்தில் தோட்டத்துச் சின்னத்துரையிடமிருந்து அழைப்பு வந்தது. உதவி முகாமையாளர்தான், தோட்டத்தில் இன்னும் சின்னத்துரை என்றுதான் சொல்வார்கள். இளைஞர். மரியாதையானவர். சிங்களத்தில் பேசினார்.

"மிஸ், நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் முழுப் புள்ளி கொடுத்தார்களாமே? கணக்கப்பிள்ளை சொன்னார். மிக்க சந்தோஷம்."

தேயிலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களின் ஆட்கள் தொழிலாளர் நலனைப் பார்க்க வரப்போகிறார்களாம். என் ஆய்வின் பிரதி ஒன்று, பல்கலைக்கழகத்தின் பெயரோடு, வேண்டுமாம்.

"இன்னொரு நல்லதும் இருக்கிறது. மலையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று ஒரு கோரிக்கை நெடுநாளாகக் கிடக்கிறது. மேலே இந்த வருடம் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள். வசதிகள் பற்றி அவர்களே திருப்தி என்று சொல்லியிருந்தால், அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் அல்லவா?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்னிடம் இதைச் சொல்லியிருக்கவே மாட்டார். அவருக்கும் மேலே ஒருவர், அந்த ஒருவருக்கும் மேலே ஒருவர். முதல் பருவத்தில் நிறுவன அமைப்பு என்று ஒரு படம் கீறிப் பாடமாக்கினோம், பெட்டிக்கு மேல் பெட்டியாக. அதில் கடைசிப் பெட்டிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கீறிக் காட்டவில்லை.

"இன்னும் எழுதி முடிக்கவில்லை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அத்தை வீட்டுப் பிளேன்டி

ஒரு சனிக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு அத்தையைப் பார்க்கப் போனேன். அரை நாள் வேலைக்குப் பேர் போட்டுவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தாள். பால் சேர்க்காத பிளேன்டி ஊற்றித் தந்தாள். ஒரு கையில் பிளேன்டி, மற்றக் கையில் சீனி. சீனியை நக்கிக்கொண்டே குடித்தோம்.

"அத்த, அன்னைக்கு நீங்க போட்டது எனக்கு மார்க்கு இல்ல. தோட்டத்துக்குப் போட்ட மார்க்கு."

அவள் குடிப்பதை நிறுத்தினாள்.

"தோட்டத்துக்கு நாங்க எதுக்கு மார்க்கு போடணும்?"

"அதான் ஆய்வு. தோட்டம் நல்லா இருக்கா, இல்லையான்னு நீங்க சொல்லணும்."

"நீ என்னென்னமோ சொன்ன. கடைசியா எம் படிப்புக்காகன்னு சொன்ன. அதுக்கு மேல எங்களுக்கு என்னா வேணும்?"

சின்னத்துரை கேட்டதைச் சொன்னேன். கழிப்பறைக் கதையையும் சொன்னேன். வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

"இப்ப சொல்லுங்க. மலையில வசதிக்கு எத்தன?"

அத்தை தன் கையைப் பார்த்தாள். பிறகு விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத நீ எழுதுவியா?"

"பேரு போடமாட்டேன்."

"பேரு எதுக்கு? யாரு யாருன்னு கணக்கப்புள்ளைக்குத் தெரியாதா? அன்னைக்கு அஞ்சக் காட்டுனதப் பாத்துக்கிட்டுத்தானே நின்னாரு. இன்னைக்கு அது ஒண்ணாப் போனா, நாளைக்கு என்னைய எந்த நிரையில வுடுவாரு? இந்த முழங்கால வச்சுக்கிட்டு மேட்டு மலையில ஏற முடியுமா?"

"அப்ப மத்தவங்கள?"

"நான் சொல்றதத்தான் அவளுகளும் சொல்லுவாளுக. சந்திராவக் கேக்காத. அவ இன்னும் பேரு பதியாதவ, நெனச்சா நிப்பாட்டிருவாங்க. பாவம்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போலச் சொன்னாள்.

"நீ அஞ்சுன்னே எழுதிக்க மருமவளே. கக்கூசு இல்லாமயே இத்தன வருசம் போயிருச்சு. நான் இன்னும் எத்தன நாளைக்கு மலைக்குப் போகப்போறேன்? ஒனக்கு இதான் கடசித் தடவன்னு ஒங்கப்பன்கிட்ட சொன்னியாமே. எழுதிக்க. நாங்க ஒண்ணும் நெனைக்கமாட்டோம்."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அத்தை மேலா, கணக்கப்பிள்ளை மேலா, என் மேலா என்று தெரியவில்லை. ஒரு அடைப்புக்குறிக்காக, புதர் மறைவே போதும் என்று, கிடைக்கவேண்டிய கழிப்பறையை அவர்கள் எனக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொள்ளக் கை நீட்ட வேண்டியதுதான் பாக்கி. நீட்ட ஆசையாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மிச்சச் சீனியை வாயில் போட்டுக்கொண்டு, "யோசிக்கிறேன் அத்த" என்று எழுந்தேன்.

இரண்டு பாடம் கூட

யோசிக்க அதிகம் இருக்கவில்லை. கலஹாப் பாதையின் வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி இறங்கியது. பேராதனையில் இறங்கும்போது ஆய்வை விட்டுவிட்டிருந்தேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. பொய் எழுத மனசில்லை, உண்மை எழுத வழியில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் மனுசி என்ன செய்வாள்?

நஸ்ரின் தலையில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே! தாத்தா, ரெண்டு வருசம் ஞாயித்துக்கெழமய எல்லாம் தின்னுட்டு, இப்ப கடைசியில வந்து இப்பிடிச் செய்றீங்களே. அந்தப் பதவி?"

"போகட்டும்."

"போகட்டும்னா லேசா செல்றீங்க."

லேசாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அதை நஸ்ரினுக்குச் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

மேற்பார்வையாளர் மட்டும் எதுவும் கேட்காமல் விலகல் படிவத்தில் கையெழுத்து வைத்தார். நான் கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து செருமல் கேட்டது. "நல்லது" என்றாரா, வெறும் செருமலா என்று இன்றுவரை தெரியாது.

சின்னத்துரைக்கு ஆய்வு கைவிடப்பட்டது, அறிக்கை எதுவும் இல்லை என்று அறிவித்தேன். "உங்கள் ஆட்கள்தானே மிஸ், அவர்களே சொன்னதுதானே" என்று வருத்தப்பட்டார். எழுத்தில் என்னிடமிருந்து ஒரு வரி அவருக்குப் போகவில்லை. வாயால் அவர் யாரிடம் என்ன சொன்னாரோ, அதைத் தடுக்க எனக்கு வழியும் இல்லை, தெம்பும் இல்லை.

பிறகு மறுபடியும் சனி, மறுபடியும் ஞாயிறு. திட்ட முகாமைத்துவம் ஒன்று, தகவல் முறைமைகள் ஒன்று. அதே குளிரூட்டி, அதே தூக்கம். என் வகுப்புக்காரர்கள் எல்லோரும் முடித்துக்கொண்டு போய்விட, என்னைவிட மிகவும் இளையவர்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தலைமைக் கந்தோர்ப் பதவிக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர்தான். அவருடைய லீவையும் இப்போது நான்தான் பதிகிறேன்.

பெறுபேறு வந்தது. சித்தி. முகாமைத்துவ முதுமாணி, அடைப்புக்குறி இல்லாமல்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. எங்கே போவதென்று தெரியாமல் கலஹா பஸ்ஸில் ஏறினேன். அத்தையின் ஆட்கள் பாதையோரத்து மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளையைக் காணவில்லை. என்னைக் கண்டதும் அத்தை நிரைக்குள்ளிருந்தே சத்தம் போட்டாள்.

"என்னாச்சு மருமவளே? பாசா?"

"பாஸ் அத்த!"

தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. சந்திராவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாங்க போட்ட மார்க்கு பத்துச்சா? எத்தன?"

பாதையில் நின்றபடி கையை உயர்த்தினேன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களாடி!" என்று அத்தை நிரை முழுவதற்கும் கேட்கக் கத்தினாள். யாரோ ஒருத்தி குலவை போட்டாள். கையை இறக்க மறந்து நின்றேன்.

சிரிப்பெல்லாம் அடங்கியதும் அத்தை கூடையை இறக்கிவைத்தாள். படங்கை அவிழ்த்துக்கொண்டே ஓடைப் பக்கத்துப் புதரைப் பார்த்தாள், பிறகு பாதையைப் பார்த்தாள்.

"சந்திரா, வா, போயிட்டு வந்துருவோம். மருமவளே, நீ கொஞ்சம் அந்த வளைவுல நில்லு. ஆம்பளைங்க யாராச்சும் வந்தா இருமு."

முதுமாணி ஆன பிறகு எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. வளைவில் போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.